கீறி எழுதும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு அஞ்சடிதான், அதாவது முன்வாசல் நடைதான், என் பட்டறை. பலகையில் சாயத்தைப் பல பூச்சாக ஏற்றி, பிறகு அதைக் கீறியும் சுரண்டியும் தேய்த்தும் படம் செய்கிறேன். கடைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

“நல்லாத்தானே சாயம் அடிச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்குக்கா சுரண்டுறீங்க?”

என் படம் சுரண்டும்போதுதான் பிறக்கிறது. பூசி முடித்த பலகையில் படம் எதுவும் இருக்காது. ஏழெட்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். மேலே தெரிவது ஒரே நிறம், அநேகமாகக் கரும்பழுப்பு. அதைப் பார்த்தால் வண்ணம் பூசிய கதவு என்றுதான் நினைப்பீர்கள்.

அதன்பிறகு எடுக்க ஆரம்பிப்பேன். ஊசியால் ஒரு கோடு இழுத்தால் முதல் பூச்சு மட்டும் விலகி அடுத்த நிறம் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் அழுத்தினால் அதற்கும் அடுத்தது. எங்கே எவ்வளவு எடுக்கிறேன் என்பதை வைத்து மரம், முகம், லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கூரை எல்லாம் வரும். தூரிகை பிடிக்கிறவர் எந்த நிறத்தைத் தொடுவது என்று யோசிப்பார். என் யோசனை முழுக்க எத்தனையாவது பூச்சில் நிற்பது என்பதில் போகும்.

இதை ஓவியம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் 1628 வாக்கில் தன்னையே தீட்டிய சின்னப் படம் ஒன்று இருக்கிறது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. முகத்தில் பாதி நிழல், தலையில் சுருட்டை முடி. அந்தச் சுருளில் வெளிச்சம் பட்ட இழைகளை அவர் சாயத்தால் தீட்டவில்லை. ஈரச் சாயத்தில் தூரிகையின் பின்பக்கக் கட்டையால் கீறி, அடிப்பூச்சை வெளியே கொண்டுவந்தார். அது ஓவியம் என்றால் இதுவும் ஓவியம்தான்.

“சுரண்டல் ஓவியம்” என்றே பெயர் வைக்கலாமே, ஏன் “கீறல்” என்கிறீர்கள்?

ஒரு பத்திரிகைத் தம்பி அப்படித்தான் தலைப்பு வைக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

சட்டியின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டுகிறோம். கையால் செய்யும் வேலையாக அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை; இந்தப் பக்கத்திலேயே பல இடத்தில் வரும். ஆனால் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் “சுரண்டல்” என்ற சொல்லை முதலில் கேட்டது தொழிற்சங்கக் கூட்டத்தில். ஒருவர் உழைப்பை இன்னொருவர் வழித்து எடுத்துக்கொள்வதற்கு அதுதான் பெயர். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வெளியே நின்றார்கள். எங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களே பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டம் வாங்க வழி செய்தார். என் தாத்தாவும் அப்படிப் பணம் கட்டியவர். அவருடைய பேத்தி தன் படத்துக்குச் “சுரண்டல்” என்று பெயர் வைத்தால் அது வேறு எதையோ சொல்லும்.

“கீறல்” நமக்கு இன்னும் பழைய சொந்தம். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் “ஆதன்” என்றும் “குவிரன்” என்றும் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். அவற்றில் இருக்கும் குறியீடுகளையும் ஆய்வாளர்கள் கீறல் என்றே சொல்கிறார்கள்.

இது வெளிநாட்டு பாணிதானே? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இத்தாலியில் வீட்டு முகப்புகளில் இருண்ட சுண்ணாம்புக் காரையின்மேல் வெள்ளைப் பூச்சு ஏற்றி, அது ஈரமாக இருக்கும்போதே கீறிப் படம் வரைந்தார்கள். ஸ்கிராஃபிட்டோ என்று பெயர். கீறு என்ற வினையிலிருந்து வந்த சொல். 1920களில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் கயிறு, வலை, மரப்பலகை போன்றவற்றின்மேல் துணியை விரித்து, சாயத்தை வழித்து எடுத்தார். அடியில் இருந்தவற்றின் தடம் துணியில் வந்தது. கெர்ஹார்ட் ரிக்டர் நீண்ட பிளாஸ்டிக் பட்டையால் சாயத்தை இழுத்து, வழித்து, மறுபடி இழுத்து அருவப் படங்கள் செய்தார். போர்ச்சுகல்காரரான வில்ஸ் கட்டடச் சுவர்களையே கொத்தி முகங்கள் எடுக்கிறார்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மார்க் பிராட்ஃபோர்ட். அவருடைய அம்மா முடி அலங்காரக் கடை நடத்தினார், அவரும் அங்கே வேலை செய்தவர். முடி சுருட்டும்போது நுனியில் மடித்து வைக்கும் மெல்லிய தாள்களை எடுத்துத்தான் தன் ஆரம்பகாலப் படங்களைச் செய்தார். பிறகு தெருவில் கிடைத்த விளம்பரத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, மிஷினால் தேய்த்து, பெரிய பெரிய படங்கள் செய்தார். அம்மாவின் தொழிலில் இருந்தே ஒரு மனிதர் தன் கலையை எடுத்தார் என்று படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தியாவில் சோம்நாத் ஹோர். அவர் 1940களில் வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வரைந்து குறிப்பெழுதியவர். 1970களில் “காயங்கள்” என்ற வரிசையைச் செய்தார். முழுக்க வெள்ளைக் காகிதக் கூழ், அதில் வெட்டும் கீறலும் புண் மாதிரி எழும்பி நிற்கும். சாயமே தேவைப்படவில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியவுடன் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியும் இலைச்சாறும் தேய்த்துத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும், எழுத்து மேலே வரும். அழுத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதினார்கள். பழந்தமிழில் ஓவியம் தீட்டுவதற்கும் “எழுதுதல்” என்றே பெயர். எழுத்தும் படமும் ஒரே வினைச்சொல்லில் இருந்த மொழி நம்முடையது.

இன்னும் ஒன்று, இது நம் வாசலுக்குப் பக்கத்தில். எல்லை தாண்டித் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்ற இடத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. பொன்னை உரசிப் பார்க்கும் கல். அதில் “பெரும்பதன் கல்” என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கடல் தாண்டி வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தன் கல்லில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். கீறலைப் பார்த்தே பொன்னின் தரம் சொன்ன மனிதரின் பெயரும் கீறலாகவே நிற்கிறது. இந்தத் தீபகற்பத்தில் தமிழ்க் கைகள் கீறத் தொடங்கி எத்தனை காலம் ஆகிறது என்று பாருங்கள்.

ரப்பர் மரத்துப் பால்வெட்டுத்தான் உங்களுக்குக் குரு என்று ஒருமுறை சொன்னீர்களாம். உண்மையா?

உண்மை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மரத்தில் பால் வெட்டியவர். விடியாத நேரத்தில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போய், பால் சேரும் கிண்ணமான மங்கைத் துடைத்துக் கொடுப்பேன்.

பால்மரத்தின் பட்டையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே சொரசொரப்பான காய்ந்த பட்டை. உள்ளே போகப் போக மிருதுவாகும். பால் ஓடும் நுண்குழாய்கள் உள்பட்டையில், கட்டைக்கு நெருக்கமாகத்தான் அதிகம். அதற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. உளி அதைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். மேலோடு வெட்டினால் பால் குறையும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும், மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரியும். குழாய்கள் மரத்தில் நேர்குத்தாக நிற்பதில்லை, இலேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இப்படிச் சரித்து வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் அதே கோட்டின் கீழ் ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் போலச் சீவி எடுப்பார்கள். புதுசாக வேறு இடத்தில் வெட்டத் தேவையில்லை, பழைய காயத்தையே மெல்லத் திறந்தால் போதும், மரமும் பிழைக்கும் என்பதை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ரிட்லி செய்து காட்டினார். அதற்குமுன் பிரேசில் காடுகளில் கோடாலி மாதிரிக் கருவியால் கொத்தி மரத்தை நாசம் செய்துகொண்டிருந்தார்கள்.

அம்மா அந்த வெட்டைக் “கோடு” என்றுதான் சொல்வார். வெட்டுவதற்கு முன்னால் நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்தெடுப்பார். நீளமாக, நாடா மாதிரி வரும். அப்புறம் உளி. சர்ரென்று ஒரு சத்தம், சுருள் சுருளாகப் பட்டை விழும், கோடு பளிச்சென்று வெளுக்கும், ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஓட ஆரம்பிக்கும்.

பதினோரு வயதில் நானும் வெட்டிப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்தேன். உளி நேராகக் கட்டையில் போய் இறங்கியது. அம்மா திட்டவில்லை. என் கையைப் பிடித்து, “கண்ணால பாக்காத, சத்தத்தக் கேளு. பட்டைல போனா ஒரு சத்தம், கட்டைக்குக் கிட்ட போனா வேற சத்தம்” என்றார். இன்றைக்கும் பலகையைச் சுரண்டும்போது ரேடியோவை அணைத்துவிடுகிறேன். சாயத்தில் போகும் கத்தியின் சத்தமும் அடிப்பூச்சைத் தொட்ட கத்தியின் சத்தமும் வேறு வேறு.

கோலகங்சார் பக்கம் போனால் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலி போட்டு ஒரு பால்மரத்தைக் காத்து வைத்திருப்பதைப் பாருங்கள். 1877இல் இந்த நாட்டுக்கு முதன்முதலாக வந்த நாற்றுகளில் மிஞ்சியது. நம் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கதவில் செய்த படம் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பற்றிச் சொல்ல முடியுமா?

நாங்கள் இருந்த லயத்தை இடித்துச் செம்பனை வைத்தபோது எங்கள் வீட்டுக் கதவை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். பல வருடம் வீட்டின் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தேன், தொட மனம் வரவில்லை.

ஒருநாள் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், இருபது காசு அளவுக்கு, ஈரமான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன். சாயம் புடைத்திருந்த இடம் அது. மேட்டைத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் திறக்கும், மர வைரத்தில் வளையம் தெரிவது போல. வெளி ஓரத்தில் காப்பிக் கலர். அதற்குள் பச்சை. பிறகு பால்வெள்ளை, வானநீலம், மறுபடி பச்சை ஆனால் இது வேறு பச்சை, ரோஸ், சாம்பல். நடுவில் பொட்டு மாதிரி செங்காவி அடிப்பூச்சு. சாம்பல் தோட்ட நிர்வாகம் எல்லா வீட்டுக்கும் அடித்துக் கொடுத்தது. மற்றதெல்லாம் அப்பா தீபாவளிக்குத் தீபாவளி தன் காசில் வாங்கி அடித்தவை. ரோஸ் எந்த வருடம் என்று எனக்குத் தெரியும், தங்கை பிறந்த வருடம். அப்பா கையெல்லாம் ரோஸாக இருந்தது நினைவிருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் கதவின் கீழ்ப்பாதியில் காத்திருந்தது. காப்பிக் கலரையும் பச்சையையும் தேய்த்து எடுத்துப் பால்வெள்ளைக்கு வந்தபோது, வெள்ளையில் பச்சைக் கோடுகள் தெரிந்தன. நாலு நிற்கும் கோடு, ஒரு குறுக்குக் கோடு. மறுபடி நாலு, மறுபடி குறுக்கு. யாரோ ஆணியால் கதவில் கீறிய கணக்கு. கீறலுக்குள் அடுத்து அடித்த பச்சை போய் நிரம்பியிருக்கிறது. மேலே இருந்த பச்சையை நான் தேய்த்து எடுத்தாலும் பள்ளத்தில் இருப்பது போகாது. ஓலையில் கரி தங்குவது போலத்தான். எண்ணினேன், இருபத்து மூன்று. அம்மாவிடம் காட்டியபோது ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்: பால்காரர் கணக்கு. மாசக் கடைசியில் காசு கொடுக்க ஆத்தா கீறி வைத்தது.

அந்தக் கதவில் அதற்குமேல் நான் அதிகம் செய்யவில்லை. கணக்கைச் சுற்றி ஒரு கையளவு இடத்தைத் திறந்தேன். மேல்பாதியில் வளையங்களைக் கூட்டி நிரை நிரையாக மரங்கள் வரும்படி எடுத்தேன். ஏழு மாதம் ஆனது. அது விற்பனைக்கு இல்லை.

எந்தப் பலகை, எந்தச் சாயம்? வீட்டில் முயன்று பார்க்க ஆசை.

துணி வேண்டாம். அழுத்தினால் உள்வாங்கும், கத்தி வழுக்கும், கிழியும். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது. எம்டிஎஃப் பலகை வழவழப்பாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் ஓரம் ஊதிவிடும். எதுவானாலும் பின்பக்கத்தையும் நாலு ஓரத்தையும் முதலில் சாயம் பூசி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலகை வளையும்.

முன்பக்கம் அடிப்பூச்சுக்குக் கெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சுக் கலவை. இல்லையென்றால் சுவருக்குப் பூசும் பட்டி மெல்லிசாக இரண்டு தடவை. காய்ந்தபின் தேய்த்துச் சமன் செய்யுங்கள். இந்த அடிப்பூச்சுதான் நீங்கள் எட்டக்கூடிய கடைசி வெளிச்சம். அது அழுக்காக இருந்தால் படம் முழுக்க மங்கலாகவே இருக்கும்.

பிறகு அக்ரிலிக். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். நான் ஒரு ராத்திரி விடுகிறேன். அக்ரிலிக் ஒரு வகை பிளாஸ்டிக். குளிரில் முறியும், சூட்டில் இளகும். நம் ஊர் மத்தியான வெயிலில் அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் உருண்டு உருண்டு தாளில் அப்பிக்கொள்ளும். அதனால் விடிகாலையில் வேலை செய்யுங்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள். சாயத்தில் கொஞ்சம் சாக் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) கலந்தால் பூச்சு கொஞ்சம் முறுகலாகும், கீறும்போது ரப்பர் மாதிரி இழுபடாமல் சுத்தமாக உதிரும்.

எண்ணெய்ச் சாயம் சேர்க்க ஆசை என்றால் கடைசிப் பூச்சாக மட்டும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய்ச் சாயம் நிற்கும். எண்ணெய்ச் சாயத்தின்மேல் அக்ரிலிக் பிடிக்காது, நாளாவட்டத்தில் செதிலாக உரியும். எண்ணெய்ச் சாயத்தில் ஒரு வசதி, இரண்டு மூன்று நாள் ஈரமாக இருக்கும், ரெம்பிராண்ட் செய்த மாதிரி கட்டையால் கீறலாம், பிடிக்காவிட்டால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தையல் ஊசியைப் பென்சில் கட்டையில் சொருகிக் கட்டினால் மெல்லிய கோட்டுக்குப் போதும். காம்பஸ் முனை, பழைய சீப்பு, பட்டி வழிக்கும் தகடு, ஸ்டீல் கம்பளி. உப்புத்தாளில் 120, 240, 400 மூன்றும் வாங்குங்கள். எண் ஏற ஏறத் தாள் நயமாகும். 120 வைத்திருக்கும் நாளில் அவசரப்படாதீர்கள், இரண்டே இழுப்பில் மூன்று பூச்சு போய்விடும்.

என் கையில் அதிகம் இருப்பது அம்மாவின் உளி. நுனி மடிந்திருப்பதால் அது தானாகவே ஒரு அளவுக்குமேல் ஆழம் போகாது. மரத்துக்காகச் செய்த பாதுகாப்பு பலகைக்கும் உதவுகிறது.

தவறுதலாக ஆழமாகப் போய்விட்டால்?

போகும். எனக்கு இன்றும் போகிறது. மேலே சாயம் வைத்து மூடி மறைக்கத்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மூடினால் அந்த இடம் மட்டும் உயிரில்லாமல் தெரியும், கண் நேராக அங்கேதான் போகும். நான் அந்த ஆழத்தை ஏற்றுக்கொண்டு படத்தின் மற்ற இடங்களில் இரண்டு மூன்று முறை அதே ஆழத்துக்குப் போவேன். அப்போது அது படத்தின் ஒரு குரலாகிவிடும்.

கட்டையே தெரிந்துவிட்டால், வேறு வழியில்லை, பட்டி போட்டு ஏழு பூச்சையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இரண்டு படங்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். மூன்றாவதை அப்படியே விட்டேன். அதுதான் அம்மாவுக்குப் பிடித்த படம்.

பழைய கதவு, சன்னலைச் சுரண்டலாமா? ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை, இரும்புக்கும் மரத்துக்கும் அடிக்கும் செங்காவி அடிப்பூச்சு எல்லாம் சந்தேகத்துக்குரியவை. அந்தத் தூசி மூச்சிலோ வாயிலோ போனால் உடம்பில் தங்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, தீ காட்டி உரிக்கவும் கூடாது. எப்போதும் ஈரமாக்கி, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கழிவையும் பையில் கட்டிப் போடுங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். வேலை செய்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். என் வகுப்பில் பழைய கதவு எதுவும் வராது. பிள்ளைகள் இருக்கும் நாளில் எங்கள் கதவையும் போர்வை போட்டு மூடி வைத்துவிடுவேன்.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கலாம், டீச்சர்?

கெட்டித் தாளில் மெழுகுக் கிரெயானால் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று வெள்ளை தெரியாமல் அழுத்தி நிரப்பச் சொல்லுங்கள். அதன்மேல் கறுப்புப் போஸ்டர் கலர். மெழுகில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடும். கலரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் பரவி நிற்கும். காய்ந்ததும் ஈர்க்குச்சியால் கீறலாம். ஊசி வேண்டாம்.

முதல் கோடு இழுத்தவுடன் கறுப்புக்குள்ளிருந்து மஞ்சள் வரும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்கவே நான் வகுப்பு நடத்துகிறேன். ஒரு பிள்ளை சென்ற மாதம், “டீச்சர், ராத்திரிக்குள்ள பகல் இருக்கு” என்றது.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: “என்னடா இது, கறுப்பா?” என்று பாதியில் கேட்டுவிடாதீர்கள்.

ஒருவர் இன்னொருவர் படத்தை அழித்துவிட்டு அதைக் கலை என்றாராமே?

ராபர்ட் ரவுஷென்பெர்க். 1953இல், வளர்ந்துவரும் ஓவியராக இருந்தபோது, பேர் பெற்ற ஓவியரான டி கூனிங்கிடம் போய், அழிப்பதற்கு ஒரு படம் தாருங்கள் என்று கேட்டார். அவர் யோசித்து, அழிக்கச் சிரமமான படமாகப் பார்த்தே கொடுத்தார். ரப்பர் ரப்பராகத் தீர்த்து, வாரக்கணக்கில் அழித்தார். மங்கலான தடங்களோடு அந்தத் தாள் இப்போது சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது அவர் கேட்டு வாங்கினார் என்பதுதான். கேட்காமல் அழித்த இடங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

துணியைக் கத்தியால் ஒரே வெட்டாகக் கிழித்த லூசியோ ஃபொன்டானாவைப் பற்றியும் கேட்பார்கள். 1958 முதல் அப்படிச் செய்தார். துணிக்குப் பின்னால் இருக்கும் வெளியைப் படத்துக்குள் கொண்டுவருவது அவர் நோக்கம். மதிக்கிறேன், ஆனால் என் பாதை அதுவல்ல. எனக்கு அடுத்த பூச்சு வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

இதுதான் கடினமான கேள்வி. பூசும் ஓவியருக்குக் கூடிப் போனால் இன்னொரு பூச்சு இருக்கிறது. எனக்குத் திரும்பும் வழி கிடையாது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு இடம் என்று கை பரபரக்கும்போது உளியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பேன். மூன்று நாள் கழித்துத் திருப்பினால், அந்த ஒரு இடம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அம்மாவும் ஒரு மரத்தில் ஒரு கோட்டுக்குமேல் தொடமாட்டார். பட்டை மறுபடி வளர வேண்டுமே.

விற்கிறீர்களா?

கதவைத் தவிர மற்றவை உண்டு. நேரில் வந்து, கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். போனில் எடுத்த படத்தில் ஆழம் தெரியாது.

இந்த மாதிரி வேலைகளை மலேசியாவில் எங்கே பார்க்கலாம்?

1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடம் கோலாலம்பூரில் இருக்கிறது. போகும்போது பத்திக் ஓவியங்களையும் தேடிப் பாருங்கள். பினாங்கில் சுவா தியன் தெங் 1950களில் பத்திக்கைச் சுவரில் மாட்டும் ஓவியமாக ஆக்கினார். மெழுகு வைத்து மறைத்து, சாயத்தில் தோய்த்து, கடைசியில் மெழுகை நீக்கினால் படம் வெளிவரும். நீக்கிக் காட்டும் கலை இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பது அங்கே நின்றால் புரியும்.

எங்கள் பழைய லயத்துக் கதவு ஒன்று இருக்கிறது. உங்களிடம் தரலாமா?

தாருங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் வாருங்கள், அன்று பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். கதவைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம். வீட்டு நம்பர் தகடு இருந்தால் அப்படியே இருக்கட்டும். நிலைக்கட்டை மிஞ்சியிருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், பிள்ளைகளின் உயரத்தைக் கீறி வைத்திருப்பது அதில்தான். பின்பக்கத்தில் பென்சிலால் எந்தத் தோட்டம், எந்த லயம், யார் இருந்த வீடு என்று எழுதுங்கள். எந்த நிறம் யார் அடித்தது என்று ஞாபகம் இருக்கிற பெரியவர் வீட்டில் இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறேன்.